பிள்ளை மனதை அளந்த ஆல்பிரட் பினே

வெர்னியரும் மைக்ரோமீட்டரும் பிடிச்சு இரும்பை அளக்கிற நமக்கு, மனவளர்ச்சியை அளந்தவரைத் தெரிய வேண்டாமா?

1857-ல் பிரான்சின் நீஸ் நகரில் பிறந்தவர் ஆல்பிரட் பினே. சட்டம் படித்தும் மனம் போனது உளவியலில். தன் இரு பெண் குழந்தைகளையே கவனித்து எழுதினார். பாடத்தில் பின்தங்கும் பிள்ளைகளைக் கண்டறிந்து உதவ, 1905-ல் தியோடர் சிமோனுடன் 30 சோதனைகளை எளியதிலிருந்து கடினம் வரை அடுக்கினார். 1908-ல் அவற்றை வயதுவாரியாகப் பிரித்தார். ஒரு வயதுப் பிள்ளைகளில் பெரும்பாலோர் செய்வதே அந்த வயதுக்கு அளவு! 1911-ல் மறைந்தார்.

அறிவு பயிற்சியால் வளரும் என்றே அவர் நம்பினார். பின்னாளில் அமெரிக்காவில் சிலர் அந்த அளவையே மாறாத முத்திரையாக்கினது கொடுமை.

எங்க குடும்பத்தில் முதன்முதலா படிக்க வந்தவன் நான். இவனுக்குப் படிப்பு ஏறாது என்று ஒரு மார்க்கை வச்சு யாரையும் ஒதுக்காதீர்கள்!