கணக்கைச் சுண்டிப் பார்த்தவர்கள்



பீங்கான் கப்பை நம்ம பக்கத்தில் விரலால் சுண்டிப் பார்த்துத்தான் வாங்குவார்கள். கணீரென்று கேட்டால் நல்லது. மொத்தையாகக் கேட்டால் எங்கோ கீறல். கம்ப்யூட்டர் புரோகிராமை அப்படிச் சுண்டிப் பார்ப்பதுதான் சாஃப்ட்வேர் டெஸ்டிங். அது என் பிழைப்பு. அதன் அடிப்படைகளை, கம்ப்யூட்டரே இல்லாத காலத்தில் வாழ்ந்த கணித மேதை ராமானுஜனின் வாழ்க்கையில் பார்க்கலாம்.

1887 டிசம்பர் 22-ல் ஈரோட்டில் பிறந்தார், வளர்ந்தது கும்பகோணம். தந்தை ஜவுளிக்கடைக் கணக்கர். 1904-ல் உதவித்தொகையோடு கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்தவர், ஆங்கிலத்தில் தவறியதால் அதை இழந்தார். பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரி, எப்.ஏ. தேர்விலும் தேறவில்லை. முதல் பாடம் இதுதான்: ஒரு சோதனை, தான் கேட்ட கேள்விக்கு மட்டுமே பதில் சொல்லும். கேட்காததைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது.

1910-ல் நோட்டுப் புத்தகத்தோடு நம் பக்கத்துத் திருக்கோவிலூருக்குப் போய், டெபுடி கலெக்டர் ராமசாமி ஐயரைப் பார்த்தார். இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கிய ஐயருக்கு அந்தப் பக்கங்களின் மதிப்பு புரிந்தது. சென்னை நண்பர்களுக்குக் கடிதம் கொடுத்தனுப்பினார். 1912-ல் சென்னைத் துறைமுகத்தில் முப்பது ரூபாய்ச் சம்பளத்தில் குமாஸ்தா வேலை கிடைத்தது.

1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஹார்டிக்கு, நிரூபணம் இல்லாத சூத்திரங்களை எழுதி அனுப்பினார். ஹார்டியும் லிட்டில்வுட்டும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள். பெரும்பாலானவை அற்புதம். ஆனால் பகா எண்களை எண்ணும் சூத்திரத்தில் ஓட்டை இருந்தது. சிறிய எண்களைப் போட்டுப் பார்த்தால் கச்சிதமாகப் பொருந்தும். பெரிய எண்களில், பிழை அவர் நினைத்த எல்லைக்குள் நிற்காது. இரண்டாவது பாடம்: பத்து தடவை சரியாக வந்ததால் பதினோராவது தடவையும் வரும் என்று நம்பக்கூடாது. சின்ன உதாரணத்தோடு நிறுத்தாமல், எல்லையைத் தேடிப் போய்த் தட்ட வேண்டும்.

1914-ல் கப்பலேறினார். அங்கே ஹார்டியோடு சேர்ந்து எண் பிரிவினைக் கணக்கை எடுத்தார். 4 என்ற எண்ணை 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1 என ஐந்து விதமாகப் பிரிக்கலாம். 200-ஐ எத்தனை விதமாக? இருவரும் ஒரு சூத்திரம் கண்டார்கள். அது சரியா என்று யார் சொல்வது? பீரங்கிப் படையில் இருந்த கணிதவியலாளர் மேஜர் மக்மஹோன், சூத்திரத்தைத் தொடாமல், வேறு வழியில் கையாலேயே கணக்குப் போட்டார். விடை 39,72,99,90,29,388. சூத்திரத்தின் முதல் எட்டு உறுப்புகளைக் கூட்டினால் வித்தியாசம் வெறும் 0.004! அந்த ஒப்பீடுதான் சூத்திரம் அவர்கள் எதிர்பார்த்ததைவிடக் கூர்மையானது என்று காட்டி, மேலே போக வைத்தது. மூன்றாவது பாடம்: எழுதியவரின் வழியிலேயே சரிபார்த்தால் அவருடைய தவறும் கூடவே வரும். ஒப்பிடும் விடை வேறு வழியில் வர வேண்டும்.

1994-ல் இதே கதை வேறு விதமாக நடந்தது. பகா எண்களோடு கணக்குப் போட்டுக்கொண்டிருந்த அமெரிக்கப் பேராசிரியர் தாமஸ் நைஸ்லி, இரண்டு கம்ப்யூட்டர்களின் விடை ஒத்துப்போகாததைத் துருவி, பென்டியம் சில்லின் வகுத்தல் பிழையைப் பிடித்தார். இன்டெல் கம்பெனிக்கு ஆன செலவு 47.5 கோடி டாலர்.

ராமானுஜன் 1918-ல் ராயல் சொசைட்டி உறுப்பினரானார். 1919-ல் நோயோடு திரும்பி, 1920 ஏப்ரல் 26-ல் சென்னையில், 32 வயதில் மறைந்தார். நோட்டுகளில் அவர் விட்டுப்போனவற்றைச் சரிபார்க்கப் பல கணித அறிஞர்களுக்குப் பல பத்தாண்டுகள் பிடித்தன.

தம்பி தங்கையரே, உங்கள் வேலையில் ஒருவர் குறை கண்டால் கோபப்படாதீர்கள். மக்மஹோன் போட்ட கணக்கால் ராமானுஜன் சிறுமைப்படவில்லை. அவர் சூத்திரத்தை உலகம் நம்பியது. அரியர் வைத்திருப்பவர்கள் கும்பகோணத்துப் பையனையும் நினைத்துக்கொள்ளுங்கள்.