சி.வி.ராமனுக்கும் வந்தது டிரான்ஸ்ஃபர் ஆர்டர்!

வேற ஊர் ஆபீஸுக்கு டிரான்ஸ்ஃபர் போட்டுட்டாங்களா? பிடிச்ச விஷயத்தையெல்லாம் இனி மூட்டை கட்ட வேண்டியதுதான்னு ஃபீல் பண்றீங்களா? அப்போ இந்தக் கதை உங்களுக்குத்தான்.

திருச்சியில் பிறந்த சி.வி.ராமன், 1907-ல் கல்கத்தாவில் அரசு நிதித்துறையில் உதவி அக்கவுன்டன்ட் ஜெனரலாகச் சேர்ந்தார். அப்போ வயசு 18தான்! பகலெல்லாம் கணக்கு வழக்கு. காலையிலும் மாலையிலும் பவுபஜார் தெருவில் இருந்த இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் ஆய்வுக்கூடம்.

1909-ல் ரங்கூனுக்கு மாற்றல். அங்கேயும் ஆபீஸ் இருந்தது, அந்த ஆய்வுக்கூடம்தான் இல்லை. அடுத்த வருஷமே நாக்பூர். மனுஷன் அசரலையே! வீட்டிலேயே ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். 1911-ல் மறுபடியும் கல்கத்தா. பழையபடி பவுபஜார் தெரு.

1917-ல் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பதவி கிடைத்தது. சம்பளம் ரொம்பவே கம்மி. ஆனாலும், கை நிறையக் கொடுத்த அரசு வேலையை உதறினார். 1928-ல் ராமன் விளைவு, 1930-ல் நோபல் பரிசு.

ஆர்டர் உங்க ஊரைத்தான் மாத்தும் பாஸ். ஆபீஸ் முடிஞ்சு மிச்சமிருக்கிற நேரம், எந்த ஊர்லயும் உங்களோடதுதான்!