ஆகாயத்தில் பாய்ந்த குதிரை

முதல் உலகப் போர் நடந்த காலம். இத்தாலிய விமானம் ஒன்றின் பக்கவாட்டில் ஒரு கறுப்புக் குதிரை வரையப்பட்டிருந்தது. முன்னங்கால்களைத் தூக்கிப் பாயும் குதிரை! அதைக் கண்டதும் அது யாருடைய விமானம் என்று நண்பருக்கும் தெரியும், எதிரிக்கும் தெரியும்.

அதை ஓட்டியவர் பிரான்செஸ்கோ பரக்கா.

லூகோ என்ற சிற்றூரில் 1888-ம் ஆண்டு பிறந்தார். தகப்பனார் நிலபுலன் உள்ளவர். தாயார் பவோலினா, பிரபு குலத்துச் சீமாட்டி. பண்ணையைப் பார்த்துக்கொண்டு பரக்கா சுகமாக இருந்திருக்கலாம். அவரோ ராணுவப் பள்ளியில் சேர்ந்து, குதிரைப்படை அதிகாரி ஆனார்.

1912-ல் பிரான்சுக்குப் போய் விமானம் ஓட்டக் கற்றார். குதிரையை விட்டு இறங்கினாரே தவிர, அதை மறக்கவில்லை. பழைய படையின் நினைவாகத்தான் விமானத்தில் குதிரை ஏறியது.

எதிரியுடன் கைகுலுக்கல்

1916 ஏப்ரல் 7-ந் தேதி முதல் வெற்றி கிடைத்தது. ஆஸ்திரிய விமானம் ஒன்றைச் சுட்டு இறக்கினார். பிறகு தானும் தரை இறங்கி, பிடிபட்ட எதிரி விமானியின் கையைப் பிடித்துக் குலுக்கினார்! விமானத்தோடுதான் சண்டை, மனிதனோடு அல்ல என்பது அவர் எண்ணம்.

மொத்தம் 34 விமானங்களை வீழ்த்தினார். இத்தாலியில் அவரை மிஞ்சியவர் இல்லை. அவர் இருந்த 91-வது பிரிவுக்கே சூரர்களின் பிரிவு என்று பெயர் வந்தது.

1918 ஜூன் 19-ந் தேதி, பியாவே ஆற்றங்கரைப் போர். மாண்டெல்லோ குன்றின் மேல் தாழப் பறந்து எதிரிப் படையைச் சுட்டார். திரும்பி வரவில்லை. சில நாள் கழித்து, எரிந்த விமானத்தின் அருகே உடல் கிடைத்தது. சுட்டது தரையில் இருந்தவனா, வானில் இருந்தவனா என்ற தர்க்கம் இன்றும் ஓயவில்லை. அப்போது அவருக்கு வயது 30.

தாய் கொடுத்த சின்னம்

1923-ல் ராவென்னா நகருக்கு அருகே கார்ப் பந்தயம் நடந்தது. என்ஸோ பெர்ராரி என்ற வாலிபர் ஜெயித்தார். பரக்காவின் தந்தையும், பின்னர் தாயும் அவருக்குப் பழக்கமானார்கள். மகனுடைய குதிரையைக் காரில் போட்டுக்கொள்ளும்படியும், அது அதிர்ஷ்டம் தரும் என்றும் தாயார் சொன்னார். மகனைக் காப்பாற்றாத குதிரை ஊரார் பிள்ளையையாவது காப்பாற்றட்டும் என்று நினைத்தாரோ, என்னவோ!

பெர்ராரி தன் ஊரான மோடெனாவின் மஞ்சள் நிறத்தைப் பின்னணியாகச் சேர்த்தார். 1932-ல் அந்தக் குதிரை பந்தயக் காரில் ஏறியது. இன்று பெர்ராரி காரைத் தெரியாத சிறுவன் இல்லை. குதிரைக்குச் சொந்தக்காரரைத்தான் பலருக்குத் தெரியாது.

இத்தாலிய விமானப்படை மறக்கவில்லை. அதன் 4-வது படையணியின் விமானிகள், பாயும் குதிரை பொறித்த துணிச் சின்னத்தை இன்றும் தங்கள் உடையில் அணிகிறார்கள். லூகோவில் பரக்கா பிறந்த வீடு இப்போது காட்சிசாலை.