நெய்யூர் வைத்தியர் சோமர்வெல்

ஆவடி, பூந்தமல்லி முதலிய ஊர்களைச் சூழ்ந்த சமவெளியில் வாழும் நமக்குக் காற்று என்பது ஒருநாளும் குறைவுபடாத பொருள். ஓரடி எடுத்து வைப்பதற்கு எட்டு முறை மூச்சு வாங்க வேண்டிய இடமும் உலகில் உண்டென்றால், அது நமக்குக் கட்டுக்கதை போலவே தோன்றும். அங்ஙனம் மூச்சு வாங்கி நடந்த ஒருவர், பிற்காலத்தில் நம் பூந்தமல்லிப் பெருவழி சென்று சேரும் வேலூரிலே வைத்தியத் தொண்டு புரிந்தார். அவர் சரிதத்தை ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

தியோடர் ஹோவர்டு சோமர்வெல் 1890-ம் ஆண்டு ஏப்ரல் 16-ம் நாள் இங்கிலாந்திலுள்ள கெண்டல் நகரில், பாதரட்சைத் தொழில் நடத்திய குடும்பத்தில் பிறந்தார். கேம்பிரிட்ஜில் இயற்கை விஞ்ஞானமும் இலண்டனில் வைத்தியமும் பயின்றார். 1916-ல் ஸோம் போர்க்களத்தில் காயமுற்றோர் திரள் திரளாய் வந்து கிடந்ததைக் கண்டவர், வாழ்நாள் முழுதும் போரை வெறுத்தார்.

1922-ம் ஆண்டு மே 21-ம் நாள், மல்லோரி, நார்ட்டன் என்பாருடன் எவரெஸ்ட் மலையில் 26,985 அடி வரை ஏறினார். அதற்குமுன் மனிதர் எவரும் அவ்வுயரத்தை எட்டியதில்லை. ஜூன் 7-ம் நாள் பனி சரிந்து சுமையாளர் எழுவர் மாண்டனர். வெள்ளையர் ஒருவரும் இறவாது அவ்வேழைகளே இறந்தனரே என்னும் எண்ணம் அவர் நெஞ்சை அறுத்தது. பின்னர் இந்தியாவைச் சுற்றிப் பார்க்கையில், அந்நாளில் திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்த நெய்யூர் மிஷன் வைத்தியசாலைக்கு வந்தார். வாயிலில் நெருங்கி நின்ற நோயாளிகளையும், ஓய்வின்றி உழைத்த ஒரே அறுவை வைத்தியரையும் கண்டார். இலண்டனில் தமக்கிருந்த நல்வாழ்வைத் துறந்து நெய்யூருக்கே வரத் துணிந்தார்.

1924-ல் மீண்டும் எவரெஸ்ட் பயணத்துக்கு அழைப்பு வந்தது. இவ்விடத்து மலைநோயின் இயல்பைச் சிறிது சொல்லுதல் தகும். உயரத்திலும் காற்றில் பிராணவாயுவின் பங்கு குறைவதில்லை. குறைவது காற்றின் அழுத்தமே. எவரெஸ்ட் உச்சியில் அது கடற்கரையில் உள்ளதில் மூன்றில் ஒரு பங்களவே. ஆதலின் ஒவ்வொரு மூச்சிலும் உடலுக்குக் கிட்டும் பிராணவாயு சுருங்குகிறது. தலைநோவு, வாந்தி, உறக்கமின்மை, பசியின்மை யாவும் தோன்றும். திபெத்திலும் லடாக்கிலும் காட்டாடு வேட்டைக்குச் சென்றோரும் இதனை நன்கறிவர். மெல்ல ஏறிப் பல நாள் தங்கினால் உடல் பழகும்; நோய் முற்றினால் கீழிறங்குவதே தலையாய மருந்து. ஆயினும் 26,000 அடிக்கு மேல் எத்துணை நாள் தங்கினும் உடல் தேயுமேயன்றித் தேறாது.

அவ்வாண்டு மே மாதத்தில், பனிச்சரிவில் அகப்பட்ட சுமையாளர் நால்வரை மீட்கச் சோமர்வெல் கயிற்றைப் பற்றிக்கொண்டு அபாயமான சரிவைக் கடந்து சென்றார். நால்வரும் பிழைத்தனர். அக்கடுங்குளிரிலும் உலர்ந்த காற்றிலும் அவர் தொண்டை முன்னரே புண்பட்டிருந்தது. ஜூன் 4-ம் நாள் நார்ட்டனுடன் உச்சியை நோக்கிப் புறப்பட்டார். பிராணவாயுக் குப்பி இருவரிடமும் இல்லை. ஓரடிக்கு ஏழு, எட்டு, சிலபோது பத்து மூச்சு வேண்டியிருந்தது. ஏறத்தாழ 28,000 அடியில் இருமல் அவரை மேலே செல்லவொட்டாது தடுத்தது. தம்மால் நண்பர் முயற்சி கெடலாகாதென்று நார்ட்டனைத் தனியே போகவிட்டு அங்கேயே அமர்ந்தார். நார்ட்டன் 28,126 அடி வரை சென்று திரும்பினார். அந்த நூற்றுச் சில்லறை அடியினும், அதனை விட்டுக்கொடுத்து அமர்ந்த உள்ளத்தையே நாம் பெரிதாக மதிக்கிறோம்.

இறங்குகையில் இருள் கவிந்தது. நார்ட்டன் முன்னே சென்றார். திடீரெனச் சோமர்வெல்லின் தொண்டையில் ஏதோ சிக்கி மூச்சு அடியோடு நின்றது. கூவி அழைக்கக் குரலில்லை. சாவை எதிர்பார்த்துப் பனியில் அமர்ந்தவர், இறுதி முயற்சியாய் இரு கைகளாலும் தம் மார்பை அழுத்தி உந்தினார். குளிரால் வெந்து உரிந்த தொண்டையின் உட்தோல் குருதியோடு வெளிவந்தது. வலி பொறுக்கவொண்ணாததாயினும், பல நாட்களாகக் காணாத தாராளமான மூச்சு வந்தது. பின்தங்கியவர் சித்திரம் வரைகிறார் போலும் என்று நார்ட்டன் எண்ணியிருந்தாராம்! சோமர்வெல் கைதேர்ந்த ஓவியராதலின் அவ்வெண்ணம் இயல்பே.

நான்கு நாட்களுக்குப்பின் மல்லோரியும் இர்வினும் மேலேறி மறைந்தனர். சோமர்வெல் தம் புகைப்படக் கருவியை மல்லோரிக்கு இரவலாகக் கொடுத்திருந்தார். 1999-ல் மல்லோரியின் உடல் கண்டெடுக்கப்பட்டபோது அக்கருவி உடன் இல்லை.

நெய்யூருக்குத் திரும்பிய சோமர்வெல் இருபதாண்டுக்கு மேல் அங்கே உழைத்தார். தென்கோடியில் மிகுந்திருந்த வயிற்றுப்புண் நோய்க்கு அவர் செய்த அறுவைச் சிகிச்சைகள் அளவிறந்தன. 1949 முதல் 1961 வரை வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் மாணவர்க்கு அறுவை வைத்தியம் கற்பித்தார். பின் தாய்நாடு சென்று 1975-ம் ஆண்டு ஜனவரி 23-ம் நாள் காலமானார்.