விண்வெளி வீரர் கொமரோவ்

விளாதிமிர் கொமரோவ் 1927-ஆம் ஆண்டு மார்ச் 16-ஆம் நாள் மாஸ்கோ நகரில் பிறந்தார். தந்தையார் ஒரு கூலித் தொழிலாளி. கிடைத்த வேலையைச் செய்து குடும்பத்தைக் காத்தவர். மகனோ கணக்குப் பாடத்தில் கெட்டிக்காரர். 1941-இல் போர் மூண்டது, படிப்பு நின்றது, சிறுவர் பண்ணை வேலைக்குச் சென்றார். தந்தையாரும் போரில் மாண்டார். எனினும் 15-ஆம் வயதில் விமானப்படைப் பள்ளியொன்றில் சேர்ந்து, பின்னர் விமானியாகத் தேறினார். இரு பிள்ளைகளுக்குத் தந்தையான பின்னும் மாணவராய் அமர்ந்து, 1959-இல் பொறியியற் படிப்பை முடித்தார் என்பதை நம் பெற்றோர்கள் கவனிக்க வேண்டுகிறோம்.

1960-இல் ககாரினோடு விண்வெளிப் பயிற்சிக்குத் தேர்வானார். இடையில் இதயத் துடிப்பில் கோளாறு கண்டு மருத்துவர்கள் அவரை ஒதுக்கினர். அவர் விடவில்லை, மீண்டும் இடம்பெற்றார். 1964 அக்டோபர் 12-இல், மூவர் சென்ற முதல் விண்கலமான வோஸ்கோத்-1க்குத் தலைவராய்ச் சென்று நலமே திரும்பினார்.

1967 ஏப்ரல் 23-இல் சோயூஸ்-1 என்னும் புதிய கலத்தில் தனியே புறப்பட்டார். மறுநாள் மூவருடன் சோயூஸ்-2 எழும்பி இதனோடு இணைய வேண்டும் என்பது திட்டம். ஆனால் வானை அடைந்ததும் கலத்தின் இரு சூரியத் தகடுகளுள் ஒன்று விரியவில்லை. மின்சாரம் குறைந்தது. கலத்தைத் தானே திருப்பி நிறுத்தும் கருவிகளும் சரிவர இயங்கவில்லை. சோயூஸ்-2 பயணம் நிறுத்தப்பட்டது. கொமரோவைத் திரும்புமாறு பணித்தனர்.

கலம் சரியான திசையை நோக்கி நின்றாலன்றி இறங்க இயலாது. முதல் முயற்சி பலிக்கவில்லை. பின்னர் கொமரோவ் தம் கையாலேயே கலத்தைத் திருப்பி நிறுத்தி, எரிபொறியை இயக்கி, பூமியின் காற்று மண்டலத்துள் புகுந்தார். அரிய செயல் அது! அந்தோ, அதன்பின் பெரிய வான்குடை தன் பெட்டியிலேயே சிக்கிக்கொண்டது. மாற்று வான்குடையோ, முன்னரே விரிந்திருந்த சிறு குடையின் கயிறுகளில் பின்னிக்கொண்டது. ஏப்ரல் 24-ஆம் நாள் காலை, ஓர்ஸ்க் நகருக்கு அருகே, மணிக்கு ஏறக்குறைய 140 கிலோமீட்டர் வேகத்தில் கலம் தரையில் மோதித் தீப்பற்றியது. விண்வெளிப் பயணத்தில் உயிர் நீத்த முதல் மனிதர் அவரே. அப்பொழுது வயது 40.

இறுதி வேளையில் அவர் கதறியதாகவும் ஏசியதாகவும் கதைகள் உலவுகின்றன. உறுதியற்ற அவற்றை நாம் இங்கே எழுத விரும்பவில்லை.

அவரது அஸ்தி கிரெம்ளின் மதிலில் வைக்கப்பட்டது. 1969-இல் சந்திரனில் இறங்கிய அமெரிக்கர்கள் அவரது பதக்கமொன்றையும் அங்கே விட்டு வந்தனர். பொறியாளர்கள் ஒன்றரை ஆண்டுக் காலம் சோயூஸைத் திருத்தினர். 1969 ஜனவரியில் இரு சோயூஸ் கலங்கள் வானில் இணைந்தன. அன்று சோயூஸ்-2இல் செல்லவிருந்த மூவருள் இருவர், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறிச் சென்றனர். 2007-இல் நம் மலேசிய நாட்டின் டாக்டர் ஷேக் முஸாபர் விண்வெளிக்குச் சென்று திரும்பியதும் சோயூஸ் கலங்களிலேதான்.