வாசலில் தடுத்த உத்தரவு

இந்த மாத சுவர் இதழுக்கு நான் எடுத்துக்கொண்டவர் பிரடெரிக் டக்ளஸ். ஆபிரகாம் லிங்கனை நம்ம எல்லாருக்கும் தெரியும். அந்த லிங்கன் இரண்டாம் முறை பதவியேற்றபோது கூட்டத்தோடு கூட்டமாக நின்று பார்த்தவர்தான் இவர். அமெரிக்க வரலாற்றில் பெரிய பேர் வாங்கியவர்.

டக்ளஸ் 1818-ஆம் ஆண்டு வாக்கில் மேரிலாந்து மாநிலத்தில் அடிமையாகப் பிறந்தார். அடிமைன்னா சம்பளம் கிடையாது. ஆடு மாடு மாதிரி விற்கலாம், வாங்கலாம். தான் பிறந்த தேதி கூட அவருக்குத் தெரியாது. அவருடைய அம்மா வேறொரு பண்ணையில் வேலை செய்தார். பகலெல்லாம் வயலில் உழைத்துவிட்டு, ராத்திரி 12 மைல் நடந்து வந்து, மகனைத் தூங்க வைத்துவிட்டு, விடியறதுக்குள்ள திரும்பிப் போயிடுவாராம். இதைப் படிச்சப்போ எனக்குக் கண் கலங்கிடுச்சு. டக்ளஸுக்கு ஏழு வயசு இருக்கும்போது அந்த அம்மாவும் இறந்துவிட்டார்.

எட்டு வயசு வாக்கில் பால்டிமோர் நகரத்தில் ஒரு வீட்டு வேலைக்கு அனுப்பப்பட்டார். அந்த வீட்டு அம்மா அவருக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தார். வீட்டுக்காரர் உடனே அதை நிறுத்தச் சொல்லிவிட்டார். படிக்கத் தெரிந்துவிட்டால் இவன் அடிமை வேலைக்கு ஆகமாட்டான் என்று அவருக்குப் பயம். அதைக் காதில் கேட்ட டக்ளஸ், அப்போ படிப்புதான் விடுதலைக்கு வழி என்று புரிந்துகொண்டார். தெருவில் விளையாடும் ஏழை வெள்ளைக்காரப் பையன்களுக்கு ரொட்டி கொடுத்து, அவர்களிடம் படிக்கக் கற்றார். அவங்களுக்கு வயிற்றுப் பசி, இவருக்கு எழுத்துப் பசி. கப்பல் கட்டும் இடத்தில் மரத்துண்டுகளில் தச்சர்கள் குறித்து வைத்த எழுத்துக்களைப் பார்த்து எழுதவும் பழகினார்.

1838 செப்டம்பர் 3-ஆம் தேதி மாலுமி வேடம் போட்டு, இன்னொருவரின் சான்றுத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு ரயிலேறித் தப்பினார். மறுநாள் நியூயார்க். அவருக்கு உதவிய அன்னா முர்ரே என்ற பெண்ணையே திருமணம் செய்துகொண்டார். பிறகு மேடை மேடையாக அடிமை முறையை எதிர்த்துப் பேசினார். இவ்வளவு நன்றாகப் பேசுகிறவர் அடிமையாக இருந்திருப்பாரா என்று சிலர் சந்தேகப்பட்டாங்க. அதனால் 1845-இல் தன் கதையை உண்மையான பெயர்களோடு புத்தகமாக எழுதினார். பிடித்துப் போய்விடுவார்கள் என்ற ஆபத்து வந்ததால் கடல் கடந்து அயர்லாந்து, இங்கிலாந்து போனார். அங்கே இருந்த நண்பர்கள் பணம் சேர்த்து, 1846-இல் அவருக்குச் சட்டப்படி விடுதலை வாங்கிக் கொடுத்தார்கள். 1847-இல் சொந்தமாகப் பத்திரிகை தொடங்கினார். 1848-இல் பெண்களுக்கு ஓட்டுரிமை வேண்டும் என்றும் பேசினார்.

1861-இல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் வந்தது. கறுப்பின மக்களைப் படையில் சேரச் சொல்லி டக்ளஸ் ஊர் ஊராகப் போனார். தன் மகன்களில் இரண்டு பேரை அனுப்பினார். ஆனால் வெள்ளைக்கார வீரருக்கு மாதம் 13 டாலர், கறுப்பின வீரருக்குக் கைக்கு வந்தது 7 டாலர்தான். இதைக் கேட்க 1863-இல் நேராக லிங்கனையே போய்ப் பார்த்தார்.

இப்போ விழாவுக்கு வருவோம். 1865 மார்ச் 4. வாஷிங்டனில் காலையில் மழை. தெருவெல்லாம் சேறு. அப்படியும் நாடாளுமன்றக் கட்டடத்தின் கிழக்குப் பக்கம் பல்லாயிரம் பேர் கூடினார்கள். ஊர்வலத்தில் முதல் முறையாகக் கறுப்பின வீரர்களும் நடந்தார்கள். அன்று ஒலிபெருக்கி கிடையாது. லிங்கன் எழுந்து வந்தபோது மேகம் விலகி வெயில் வந்ததாம். அவர் பேசியது சுமார் 700 வார்த்தைதான். போருக்குக் காரணம் அடிமை முறைதான் என்றும், யார் மேலேயும் பகை இல்லாமல் நாட்டின் காயத்தை ஆற்றணும் என்றும் சொன்னார்.

சாயங்காலம் வெள்ளை மாளிகையில் வரவேற்பு. பொதுமக்கள் வரிசையில் போய் அதிபருக்குக் கை கொடுக்கலாம். டக்ளஸும் போனார். வாசலில் போலீஸ்காரர்கள் தடுத்தார்கள். கறுப்பினத்தவரை விடக்கூடாது என்று உத்தரவாம். லிங்கன் அப்படி உத்தரவு போட்டிருக்கவே மாட்டார் என்று டக்ளஸ் நகரவில்லை. உடனே உள்ளே கூட்டிப் போகிற மாதிரி கூட்டிப் போய், வெளியே போகும் ஜன்னல் வழியைக் காட்டினார்கள். அதற்கும் அவர் ஏமாறவில்லை. அந்தப் பக்கமாகப் போன ஒருவரிடம், நான் வாசலில் நிற்கிறேன் என்று லிங்கனுக்குச் சொல்லி அனுப்பினார். கொஞ்ச நேரத்தில் உள்ளே கூப்பிட்டார்கள். அத்தனை பேர் முன்னாடியும் லிங்கன் அவரை நண்பர் என்று சொல்லிக் கை கொடுத்து, என் பேச்சு எப்படி இருந்தது என்று கேட்டார். அது புனிதமான முயற்சி என்றார் டக்ளஸ். அப்புறம்தான் தெரிந்தது, அப்படி ஒரு உத்தரவை யாருமே போடவில்லை!

அடுத்த மாதம், ஏப்ரல் 14 அன்று லிங்கன் சுடப்பட்டு, மறுநாள் இறந்தார். லிங்கனின் கைத்தடியை அவர் மனைவி டக்ளஸுக்கு அனுப்பி வைத்தார். அந்த டிசம்பரில் அடிமை முறை நாடு முழுவதும் சட்டப்படி ஒழிந்தது. 1877-இல் டக்ளஸ் வாஷிங்டன் வட்டாரத்துக்கு மார்ஷல் என்ற பெரிய அதிகாரி ஆனார். 1881-இல் கார்பீல்டு பதவியேற்றபோது, பழைய அதிபரையும் புது அதிபரையும் விழா மேடைக்கு அழைத்துப் போனவர் இவர்தான். 1865-இல் சேற்றில் நின்று பார்த்த அதே கட்டடம்! 1895 பிப்ரவரி 20 அன்று பெண்கள் உரிமைக் கூட்டத்துக்குப் போய்விட்டு வீடு திரும்பியவர், அன்றே காலமானார்.

தோழிகளே, எனக்கு இதில் மறக்க முடியாதது அந்தப் போடாத உத்தரவுதான். பொம்பளப் பிள்ளைக்குப் பத்தாவது போதும் என்று நம்ம பக்கமும் சொல்றாங்க. அது எந்தச் சட்டத்தில் இருக்கு? யார் போட்ட உத்தரவு? டக்ளஸ் மாதிரி நாமும் மரியாதையாக, ஆனா நகராமல் கேட்போம். அப்படிக் கேட்கிறதுக்கு முதல்ல நல்லா படிப்போம்.

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி