களிமண் தளமும் ஒரு மருத்துவரும்

மண் பொறியியல் பயிலும் எனக்கு, இறுகிய களிமண்ணையும் நஞ்சு எவ்வாறு கடக்கிறது என்பதை விளக்கிய விதி ஒரு பொறியாளர் தந்ததன்று. ஒரு மருத்துவர் தந்தது. அவர் பெயர் அடால்ஃப் ஃபிக்.

ஜெர்மனியிலுள்ள காசல் நகரில் 1829-ஆம் ஆண்டு ஃபிக் பிறந்தார். ஒன்பது குழந்தைகளுள் அவரே கடைக்குட்டி. தந்தையார் கட்டடப் பொறியாளர். மார்பர்க் பல்கலைக்கழகத்தில் கணிதம் பயிலவே ஃபிக் விரும்பினார். தமையனாரின் சொல் கேட்டு மருத்துவத்துக்கு மாறினார். ஆயினும் கணிதம் அவரை விட்டு அகலவில்லை. 1851-இல் டாக்டர் பட்டம் பெற்று, அடுத்த ஆண்டு தம் ஆசிரியர் கார்ல் லுட்விக்கிடம் பணியாற்ற சூரிச் சென்றார்.

உடலின் மெல்லிய சவ்வுகளை உப்பு எவ்வாறு கடக்கிறது? இதை அறிய விரும்பியவர், முதலில் வெறும் நீரில் உப்பு விரவுவதை ஆராய்ந்தார். தாமஸ் கிரகாம் என்ற வேதியியலறிஞர் முன்பே பல அளவீடுகள் செய்திருந்தார். அவற்றை ஆளும் விதிதான் கிட்டவில்லை. வெப்பத்துக்கு ஃபூரியே வகுத்த கணக்கு உப்புக்கும் பொருந்தும் என்று ஃபிக் கருதினார். செறிவு மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குக் கரைபொருள் செல்லும். செறிவின் சரிவு செங்குத்தாக ஆக, செலவும் மிகும். குழாயின் அடியில் உப்பையும் மேலே நன்னீரையும் வைத்து, தராசில் தொங்கிய கண்ணாடிக் குமிழால் கரைசலின் அடர்த்தியைப் படிப்படியாக அளந்து விதியைச் சோதித்தார். 1855-இல் கட்டுரை வெளிவந்தபோது அவருக்கு வயது 25.

பின்னர் அவர் உடலியலிலேயே புகழ் பெற்றார். 1865-இல் விஸ்லிசேனஸ் என்ற நண்பருடன், புரத உணவை விலக்கி ஆல்ப்ஸ் மலைச் சிகரம் ஒன்றில் ஏறி, தசையின் உழைப்புக்குப் புரதம் முதன்மை எரிபொருள் அன்று என்று காட்டினார். 1870-இல் இதயம் செலுத்தும் குருதியை அளக்க வழி கூறினார். 1899-இல் வூர்ட்ஸ்பர்க் பேராசிரியர் பதவியிலிருந்து ஓய்வு பெற்று, 1901-இல் பெல்ஜியத்தில் காலமானார்.

இனிக் களிமண்ணுக்கு வருவோம். குப்பைமேட்டின் கசிவு நிலத்தடி நீரில் கலவாதிருக்க, ஈரக் களிமண்ணை இறுக்கி அடித்தளம் அமைக்கிறார்கள். அதன் நீர் புகுதிறன் வினாடிக்கு ஒரு சென்டிமீட்டரில் கோடியில் ஒரு பங்கை மீறலாகாது என்பது வழக்கமான அளவுகோல். ஆண்டுக்கு ஏறத்தாழ 3 சென்டிமீட்டர்தான். நீர் இவ்வாறு தடைப்பட்டாலும், துகள்களிடையே தங்கிய ஈரத்தின் வழியே கரைபொருள் தானாகவே விரவுகிறது. வளைந்த வழிகள் அதைத் தாமதப்படுத்தும். ஈயம் போன்ற உலோகங்களைக் களிமண் பற்றிக்கொள்ளும். குளோரைடு பெரும்பாலும் பிடிபடாமல் நழுவும். ஆனால் ஃபிக்கின் விதி ஓர் ஆறுதலும் தருகிறது: விரவல் மட்டுமே நிகழுமாயின், தளத்தின் தடிப்பை இருமடங்காக்கினால் கடக்கும் காலம் நான்கு மடங்காகும்.

ஆகவே தளத்தில் நீர் கசியவில்லை என்று கண்டு நாம் மனநிறைவு கொள்ளலாகாது. அருகிலுள்ள கிணற்றில் நம் பேரப்பிள்ளைகளும் நன்னீர் இறைப்பார்களா என்பதே கேள்வி. அதற்கு விடை காணும் கணக்கை, நோயாளிகளின் உடலை எண்ணி ஓர் இளைஞர் என்றோ தொடங்கி வைத்தார்.